அரசிகள் உறங்கும் மடத்தில் அறை காலி

பிரெஞ்சு கிராமப்புறத்தில் 900 ஆண்டுப் பழமை கொண்ட ஃபோன்தெவ்ரோ. ஏழு நூற்றாண்டு மடமாகவும் ஒன்றரை நூற்றாண்டு சிறையாகவும் இருந்த இடம். அதன் தொழுநோயாளர் விடுதியில் இன்று 54 அறைகள் கொண்ட ஓட்டல்.

மாலையில் கடைசிச் சுற்றுலாப் பேருந்தும் புறப்பட்டுப் போய்விடுகிறது. டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் மூடப்படுகிறது. பிரான்சிலோ வேறெங்கோ, ஒரு புராதனச் சின்னத்தின் நாள் அத்தோடு முடிந்துவிடும். ஃபோன்தெவ்ரோவில் மட்டும் அப்போதுதான் இரண்டாவது காட்சி தொடங்குகிறது. வளாகத்துக்குள்ளேயே இருக்கும் ஓட்டலில் தங்குபவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கை வீசிக்கொண்டு மடத்துக்குள் நடக்கலாம். முன்னே வழிகாட்டி இல்லை, பின்னே கூட்டம் இல்லை. வெள்ளைக் கல் தாழ்வாரங்கள், மூலிகைத் தோட்டம், நடுவே பிரம்மாண்டமான தேவாலயம். அதற்குள் கல்லில் படுத்திருக்கும் இங்கிலாந்தின் ராஜாவும் ராணியும்.

பிரான்சில் பழைய கட்டடங்களில் இயங்கும் ஓட்டல்களுக்குக் குறைவே கிடையாது. கோட்டைகள், பிரபுக்களின் மாளிகைகள், மாவு அரைத்த ஆலைகள் எல்லாவற்றிலும் கட்டில் போட்டாயிற்று. 1954-இலேயே இத்தகைய விடுதிகள் சில ஒன்றுசேர்ந்து 'ரலே எ ஷாத்தோ' என்ற சங்கத்தைத் தொடங்கின. 2021-இல் வெர்சாய் அரண்மனை வளாகத்தில்கூட ஓட்டல் வந்துவிட்டது. ஆனால் ஃபோன்தெவ்ரோவின் கதை வேறு. இங்கே விருந்தினர் வாங்குவது ராஜபோகத்தின் மிச்சத்தை அல்ல. துறவிகள், நோயாளிகள், கைதிகள் என்று வரிசையாக மூன்று தரப்பினர் விட்டுச்சென்ற சுவர்களை.

பாரிசிலிருந்து தென்மேற்கே சுமார் 300 கி.மீ. தொலைவு. லுவார் நதியும் வியென் நதியும் கூடும் இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, காட்டை ஒட்டிய ஒரு சிறிய பள்ளத்தாக்கு. பக்கத்து ஊர் சோமூர், குதிரையேற்றப் பள்ளிக்கும் நுரைக்கும் ஒயினுக்கும் பெயர்போனது. மறுபக்கம் ஷினோன். 1429-இல் ழான் தார்க் என்ற கிராமத்துப் பெண் வருங்கால மன்னனைச் சந்தித்துப் படை கேட்ட ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள், மலைச்சரிவில் குடைந்த குகைகள். அந்தக் குகைகளிலிருந்து வெட்டியெடுத்த 'தூஃபோ' என்ற மென்மையான சுண்ணாம்புக் கல்தான் லுவார் பள்ளத்தாக்கின் மாளிகைகளுக்கெல்லாம் உடல். அந்தக் கல் செதுக்க எளிது, பார்க்க வெண்மை, ஈரம் பட்டால் எளிதில் அரிபடும். கல்லை எடுத்தபின் மிஞ்சிய குகைகளில் காளான் வளர்க்கிறார்கள், ஒயின் புட்டிகளை அடுக்குகிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கு 2000-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

பெண்கள் ஆண்ட மடம்

ரொபேர் தார்ப்ரிசெல் என்ற நாடோடிப் போதகர் 1101-இல் இங்கே வந்து தங்கினார். வெறும் காலோடு ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர். அவர் பின்னால் ஒரு விசித்திரமான கூட்டம் திரண்டிருந்தது: சீமாட்டிகள், ஏழைகள், தொழுநோயாளிகள், விலைமாதராக இருந்து மனம் மாறியவர்கள். ஆணும் பெண்ணும் கலந்து அலைவதை ஆயர்கள் கண்டித்தார்கள். கூட்டத்துக்கு ஒரு நிலையான இடமும் ஒழுங்கும் தேவைப்பட்டது. அப்படிப் பிறந்ததுதான் ஃபோன்தெவ்ரோ.

ஒரே வளாகத்தில் தனித்தனி மடங்கள் எழுந்தன. தியான வாழ்வை ஏற்ற கன்னியாஸ்திரீகளுக்குப் பெரிய மடம். மனம் திருந்திய பெண்களுக்கு மரிய மதலேனாள் பெயரில் ஒன்று. ஆண் துறவிகளுக்குப் புனித யோவான் பெயரில் இன்னொன்று. தொழுநோயாளிகளுக்குச் சற்றுத் தள்ளி சேன் லஸார்.

அதைவிட வியப்பு, நிர்வாகத்தை அவர் ஒப்படைத்த விதம். ஆண்களும் பெண்களும் ஒரு பெண்ணின் ஆணைக்குக் கட்டுப்பட வேண்டும் என்றார் ரொபேர். அதுவும் சிறு வயது முதல் மடத்துக்குள்ளேயே வளர்ந்த கன்னி வேண்டாம். உலக விவகாரம் தெரிந்தவளாக இருக்கட்டும் என்று விரும்பினார். 1115-இல் முதல் தலைவியானார் பெத்ரொனீல் த ஷெமியே. மணவாழ்வைக் கண்டபின் மடத்துக்கு வந்தவர். அடுத்த ஆண்டு ரொபேர் காலமானார். அவர் வகுத்த ஏற்பாடு பிரெஞ்சுப் புரட்சி வரை நிலைத்தது. மொத்தம் 36 தலைவிகள். அவர்களில் பலர் அரச குலத்தவர். பிரான்ஸ், இங்கிலாந்து, ஸ்பெயின் என்று கிளை மடங்கள் பரவின. பெண்ணுக்குக் கீழ்ப்படிவதா என்று ஆண் துறவிகள் அவ்வப்போது முணுமுணுத்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் விவகாரம் அரசவை வரை போனது. தீர்ப்பு தலைவிக்கே சாதகமாக வந்தது.

1670 முதல் 1704 வரை தலைவியாக இருந்த கப்ரியேல் த ரொஷ்ஷுவார், 14-ஆம் லூயியின் ஆசைநாயகி மாதாம் த மோந்தெஸ்பானின் தங்கை. கிரேக்கமும் லத்தீனும் கற்றவர். தமக்கைக்கு அரண்மனை, தங்கைக்கு மடம் என்று அமைந்தாலும், செல்வாக்கில் தங்கை சளைத்தவரல்ல.

ராஜகுடும்பத்துக்கு ஃபோன்தெவ்ரோ இன்னொரு விதத்திலும் உதவியது. 15-ஆம் லூயிக்குப் பெண் குழந்தைகள் அதிகம். அரண்மனையில் வளர்த்தால் செலவு கட்டாது என்று 1738-இல் கடைசி நான்கு மகள்களை இந்த மடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் கடைக்குட்டி லூயீசுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. தெரேஸ் எட்டு வயதில் இங்கேயே இறந்துபோனாள். 1747-இல் நத்தியே என்ற ஓவியர் மடத்துக்கு அனுப்பப்பட்டார். மீதி மூன்று மகள்களும் எப்படி வளர்ந்திருக்கிறார்கள் என்பதைத் தாய் அந்த ஓவியங்களில்தான் பார்த்தாள். கடைசி இருவர் வெர்சாய் திரும்பியது 1750-இல், 12 ஆண்டுகளுக்குப் பிறகு.

கல்லில் ஒரு குடும்பம்

தேவாலயத்துக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது வெறுமை. நாற்காலி இல்லை, திரைச்சீலை இல்லை. நெடிய வெள்ளைக் கூடத்தின் மறுகோடியில் நான்கு உருவங்கள் படுத்திருக்கின்றன. 12-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தையும் பிரான்சின் பெரும்பகுதியையும் ஒருசேர ஆண்ட இரண்டாம் ஹென்றி. அவர் மனைவி எலினோர். அவர்கள் மகன், 'சிங்க நெஞ்சன்' ரிச்சர்ட். மற்றொரு மகன் ஜானின் மனைவி இஸபெல்லா.

வண்ணம் மங்கினாலும் முகங்கள் மங்கவில்லை. ஹென்றி 1189-இல் பக்கத்து ஷினோன் கோட்டையில் இறந்தார். மகன்களைத் தூண்டிவிட்டுக் கலகம் செய்தாள் என்று மனைவியைச் சுமார் 15 ஆண்டு காவலில் வைத்திருந்த கணவர் அவர். அந்த மனைவி கணவருக்குப் பின் 15 ஆண்டுகள் வாழ்ந்தார், கடைசிக் காலத்தை இந்த மடத்தில் கழித்தார், 1204-இல் கண்மூடினார். ஹென்றியும் ரிச்சர்டும் செங்கோலும் கிரீடமுமாக மல்லாந்து கிடக்க, பக்கத்தில் எலினோர் கையில் ஒரு புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருக்கிறார். எண்ணூறு ஆண்டுகளாக யாரும் அவரைத் தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை.

ஆனால் உள்ளே எலும்புகள் கிடையாது. புரட்சிக் காலத்தில் கல்லறைகள் குலைந்து போயின. சிலைகள் மட்டும் தப்பின. 19-ஆம் நூற்றாண்டில் இவை எங்கள் ராஜாக்கள், லண்டனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று பிரிட்டன் கேட்டுப் பார்த்தது. பிரான்சில் எதிர்ப்புக் கிளம்பியது. சிலைகள் நகரவில்லை.

காப்பாற்றிய சிறை

1789-இல் புரட்சி அரசு மடத்துச் சொத்துகளைத் தேசவுடைமை ஆக்கியது. 1792-இல் கடைசிக் கன்னியாஸ்திரீகள் வெளியேறினார்கள். அதன்பிறகு இத்தகைய இடங்களுக்கு என்ன ஆனது என்பதற்கு உதாரணம், பர்கண்டியில் இருந்த க்ளூனி மடம். ஒரு காலத்தில் கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயம் அங்கே இருந்தது. ஏலத்தில் எடுத்தவர்கள் அதைக் கல் கல்லாகப் பெயர்த்து விற்றார்கள். இன்று நிற்பது ஒரு சிறு பகுதிதான்.

ஃபோன்தெவ்ரோவுக்கு அந்தக் கதி நேராமல் தடுத்தது நெப்போலியனின் ஓர் உத்தரவு. 1804-இல் அதைச் சிறையாக மாற்ற ஆணையிட்டார். ஏற்கெனவே உயரமான மதில், பெரிய கூடங்கள், ஊருக்கு ஒதுக்குப்புறம்: சிறைக்கு வேறென்ன வேண்டும்? 1814 முதல் கைதிகள் வந்தனர். க்ளேர்வோ மடத்துக்கும் மோன் சேன் மிஷேல் மடத்துக்கும் இதே விதி வாய்த்தது. மூன்றும் இன்றும் நிற்கின்றன. கல்லை விற்கக் கூடாத காரணம் அரசுக்குக் கிடைத்துவிட்டதே அதற்குக் காரணம்.

காப்பாற்றிய கைதான் காயமும் செய்தது. தேவாலயத்தின் நெடுங்கூடத்தில் குறுக்கே தளங்கள் போட்டு அடுக்கடுக்காகக் கைதிகளைப் படுக்க வைத்தார்கள். மேலே இருந்த குவிமாடங்கள் இடிக்கப்பட்டன. கன்னியாஸ்திரீகள் ஜபித்த இடங்களில் பட்டறைகள் வந்தன. ஒரு கட்டத்தில் கைதிகள் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. ஆரம்ப காலத்தில் பெண்களும் சிறுவர்களும்கூட இருந்தார்கள். பிரான்சின் மத்தியச் சிறைகளில் 1839-இல் மௌன விதி அமலானது. அதன்படி கைதிகள் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. மடத்தில் துறவிகள் தாமாக ஏற்ற மௌனம் இப்போது தண்டனையாகத் திரும்பி வந்தது. நாட்டின் கடுமையான சிறைகளில் ஒன்று என்று ஃபோன்தெவ்ரோ பெயரெடுத்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த போராளிகளும் இங்கே அடைபட்டனர்.

இந்தச் சிறையை இலக்கியத்தில் ஏற்றியவர் ழான் ழெனே. திருடனாகச் சிறை சென்று எழுத்தாளராக வெளிவந்தவர். 1946-இல் வந்த அவருடைய 'ரோஜாவின் அற்புதம்' நாவல் நடப்பது ஃபோன்தெவ்ரோவில். வேடிக்கை என்னவென்றால், அவர் வேறு பல சிறைகளில் இருந்தாரே தவிர இங்கே அடைக்கப்பட்டதில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். போகாத சிறைக்கும் அவர் எழுத்தில் இடமிருந்தது.

சிறை இயங்கிக்கொண்டிருக்கும்போதே மீட்பு வேலையும் தொடங்கியதுதான் இந்த இடத்தின் விநோதம். எழுத்தாளரும் பழம்பொருள் கண்காணிப்பாளருமான ப்ரோஸ்பர் மெரிமேயின் முயற்சியில் 1840-இல் உருவான முதல் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் ஃபோன்தெவ்ரோ இடம்பெற்றது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவாலயத் தளங்கள் அகற்றப்பட்டன, குவிமாடங்கள் மறுபடி எழுந்தன. மீன் செதில் போன்ற கல் ஓடுகளும் கொத்துக் கொத்தான புகைபோக்கிகளும் கொண்ட பழைய சமையற்கட்டும் புதுப்பிக்கப்பட்டது. ஒரு பக்கம் சாரம் கட்டி வேலை, இன்னொரு பக்கம் கம்பிக்குப் பின்னால் கைதிகள். 1963-இல் சிறை மூடப்பட்டது. அதன்பிறகும் சில டஜன் கைதிகள் தங்கவைக்கப்பட்டார்கள். சிறைச் சுவர்களை இடிக்கவும் தோட்டம் போடவும் அவர்களைத்தான் பயன்படுத்தினார்கள். கடைசிக் கைதி வெளியேறியது 1985-இல்.

படுக்கை விரித்த டிசைனர்கள்

காலியான இடத்தை என்ன செய்வது? இங்கேதான் எல்லாப் பழங்கட்டடங்களும் தடுக்கி விழும். 1975-இல் ஒரு கலாசார மையம் தொடங்கப்பட்டது. கச்சேரிகள், கண்காட்சிகள், கருத்தரங்குகள் நடந்தன. ஆனால் ஹெக்டேர் கணக்கில் விரியும் வளாகத்துக்குக் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வதே தீராத செலவு. தூஃபோ கல் மழையைக் குடிக்கும், குடித்தால் உதிரும். உதிர்ந்த கல்லை மாற்றக் கொத்தர் வேண்டும். கொத்தருக்குக் கூலி வேண்டும். பகலில் வந்து ஓரிரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறவர் டிக்கெட்டோடு சரி. இரவு தங்குபவர் அறைக்கும், சாப்பாட்டுக்கும், ஒயினுக்கும் பணம் தருகிறார்.

அப்படித்தான் சேன் லஸார் விடுதியாயிற்று. பழைய விடுதி முழுவதுமாக மாற்றியமைக்கப்பட்டு 2014-இல் இப்போதைய ஓட்டல் திறந்தது. வடிவமைத்தவர்கள் பாரிசில் கூட்டாக இயங்கும் பத்ரிக் ழுவேன், சஞ்சித் மங்கு இருவரும். அவர்களுக்கு முன்னால் இருந்த நிபந்தனை கடுமையானது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் நினைத்த இடத்தில் ஆணி அடிக்க முடியாது, சுவரை உடைக்க முடியாது. அதனால் தேவையானதையெல்லாம் மரச்சாமானாகவே செய்து உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். நாளை எடுத்துவிட்டாலும் கட்டடம் பழையபடியே நிற்கும்.

அறைகளில் ஆடம்பரம் கண்ணைக் குத்தாது. தங்க முலாம் இல்லை, வெல்வெட் இல்லை, ராஜாக்களின் படமும் இல்லை. வெளிறிய மரம், சாம்பல் நிறத் துணி, மங்கிய விளக்கு. துறவியின் அறையை நினைவூட்ட வேண்டும், ஆனால் துறவியைப் போலக் கஷ்டப்படக் கூடாது என்பது திட்டம். வெந்நீரும் மெத்தையும் அந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே. சிற்றாலயமும் விருந்தினருக்குத் திறந்திருக்கிறது. தாழ்வாரம் சூழ்ந்த சிறு முற்றம் ரெஸ்டாரன்ட்டாகிவிட்டது. சமையலுக்கான 'பொகூஸ் தோர்' சர்வதேசப் போட்டியில் 2013-இல் வென்ற திபோ ருஜெரி, 2014-இல் அதன் சமையல் பொறுப்பை ஏற்றார். 2017-இல் மிஷலின் நட்சத்திரம் வந்தது. தட்டில் வருவதில் மடத்துத் தோட்டத்துக் காய்க்கும் மூலிகைக்கும் முக்கிய பங்கு. குகைக் காளான், லுவார் கரையின் ஆட்டுப்பால் சீஸ், ஷினோன் சிவப்பு ஒயின் எல்லாம் கூப்பிடு தூரத்தில். சுத்த சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பிரெஞ்சு கிராமப்புறத்தில் 'சைவம்' என்ற சொல்லுக்குள் மீன் நுழைந்துவிடும் அபாயம் உண்டு.

2021-இல் இன்னொரு துணை வந்தது. தொழிலதிபர் லெயோன் க்ளிக்மானும் அவர் மனைவி மார்த்தீனும் வழங்கிய ஓவிய, சிற்பத் தொகுப்பைக் கொண்டு ஒரு நவீனக் கலை அருங்காட்சியகம் மடத்தின் பழைய குதிரை லாயத்தில் திறக்கப்பட்டது. அனிமேஷன் படக் கலைஞர்கள் வந்து தங்கி எழுதவும் இடம் தருகிறார்கள். ஓட்டல், அருங்காட்சியகம், கலைஞர் இல்லம், இவை எல்லாவற்றுக்கும் பின்னால் அரசும் பிராந்திய நிர்வாகமும் கொட்டிய பொதுப்பணம். ஓட்டல் வருமானம் மட்டும் இந்தக் கல்லைத் தாங்கிவிடாது. ஆனால் ஊரில் வேலை கிடைக்கிறது, குளிர்காலத்திலும் விளக்கு எரிகிறது.

யாருடைய நினைவு?

இந்தியாவில் அரண்மனைகள் ஓட்டலான கதை பழகியது. உதய்ப்பூரின் ஏரி அரண்மனை விருந்தினருக்குக் கதவு திறந்தது, ஃபோன்தெவ்ரோ சிறை மூடிய அதே 1963-இல். அங்கே விருந்தினர் ஓரிரவு மகாராஜா ஆகலாம். அது சிக்கலில்லாத கனவு. தொழுநோயாளி படுத்த இடத்தில், கைதி வாய்திறக்க முடியாமல் நடந்த முற்றத்துக்குப் பக்கத்தில், நட்சத்திர விருந்து சாப்பிடுவது அத்தனை எளிதாக ஜீரணமாகுமா?

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. துன்பம் நடந்த இடம் என்று பூட்டி வைத்தால் பத்தாண்டில் கூரை போகும், கூரையோடு நினைவும் போகும். திறந்துவிட்டாலோ, இனிக்கும் பகுதி மட்டும் விற்பனைக்கு வரும் ஆபத்து. எலினோரின் புத்தகத்தைப் போட்டோ எடுப்பவர்களில் எத்தனை பேர், அதே கூடத்தில் அடுக்குகளில் படுத்த மனிதர்களைப் பற்றிக் கேட்கிறார்கள்? 1101 முதல் 1792 வரையிலான கதை அழகாக விளக்கப்படுகிறது. 1814 முதல் 1985 வரையிலான கதைக்குத் தடயம் குறைவு, காரணமும் இருக்கிறது. மடத்தை மீட்பது என்றால் சிறையை அழிப்பது என்றுதான் நெடுங்காலம் புரிந்துகொள்ளப்பட்டது. சிறைத் தடுப்புகளை இடித்தவர்கள் கைதிகள். தங்கள் சாட்சியத்தைத் தாங்களே சம்பளத்துக்கு அழித்தார்கள். இப்போது வரலாற்றாசிரியர்கள் அந்த 171 ஆண்டுகளையும் மடத்தின் வாழ்வில் ஒரு பகுதியாகவே பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

கேள்வி ஃபோன்தெவ்ரோவோடு முடியவில்லை. 1115-இல் புனித பெர்னார்து நிறுவிய க்ளேர்வோ மடத்தில் சிறை இன்னும் நீண்டகாலம் தொடர்ந்தது, 2023-இல்தான் மூடப்பட்டது. இப்போது அதே வெள்ளைத் தாள் அங்கே விரிக்கப்பட்டிருக்கிறது: இவ்வளவு பெரிய இடத்தை யார் பராமரிப்பது, எதற்காக, யார் நினைவாக? ஃபோன்தெவ்ரோவில் சிறை மூடி, ஓட்டல் இன்றைய வடிவில் திறக்க 51 ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் சிறையின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. க்ளேர்வோவில் சிறை அறைகள் இன்னும் இருக்கின்றன. இடிக்கும் முன் யோசிக்க அவகாசமும் இருக்கிறது.